பீனோபார்பிட்டால் தூண்டல்

பீனோபார்பிட்டால் தூண்டல் என்பது பீனோபார்பிட்டால் என்னும் உறக்கமூட்டும் மருந்து உடலினுள் சென்றபின், கல்லீரல் உயிரணுக்கள் சில குறிப்பிட்ட புரதங்களை வழக்கத்தை விடப் பன்மடங்கு மிகுதியாக உருவாக்கும் நிகழ்வு ஆகும். இவ்வாறு மிகும் புரதங்களுள் முதன்மையானவை சைட்டோகுரோம் பி-450 எனப்படும் நொதிகள் ஆகும். மருந்துகளையும் உடலுக்கு அயலான பிற வேதிப்பொருட்களையும் சிதைத்து வெளியேற்றுவது இந்நொதிகளின் பணியாகும். எனவே மூளையின் செயற்பாட்டைத் தணிக்கும் ஒரு மருந்து, கல்லீரலில் அதற்கு நேர்மாறாகப் புரத உற்பத்தியை முடுக்கி விடுகின்றது. இதன் விளைவாக, நோயாளி உட்கொள்ளும் பிற மருந்துகள் எதிர்பார்த்ததை விட விரைவில் உடலை விட்டு நீங்கிவிடக் கூடும்.

ஒரு வேதிப்பொருள் விலங்கு உயிரணுவின் மரபணுவை எவ்வாறு இயங்கச் செய்கிறது என்பதை அறிவதற்கு இந்நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டாக நீண்ட காலம் பயன்பட்டு வந்துள்ளது. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சென்னையில் பிறந்த உயிர்வேதியியலாளர் கோவிந்தராஜன் பத்மநாபனும் அவரது குழுவினரும் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வுகளைச் செய்துள்ளனர்.

மருந்து

பீனோபார்பிட்டால் பார்பிட்டுரேட்டு வகையைச் சேர்ந்தது. இவ்வகை மருந்துகளுக்கு அடிப்படையான பார்பிட்டூரிக் அமிலத்தைச் செருமானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1864 இல் உருவாக்கினார். அவ்வமிலத்துக்கு உறக்கமூட்டும் தன்மை இல்லை. அதிலிருந்து பெறப்பட்ட பார்பிட்டால் என்னும் சேர்மத்துக்கு அத்தன்மை உண்டு என்பதை 1903 இல் எமில் ஃபிஷரும் யோசெஃப் வான் மேரிங்கும் கண்டறிந்தனர். 1912 இல் பீனோபார்பிட்டால், லூமினால் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் செருமானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் இம்மருந்து வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதை வெளியிட்டார். இந்தியாவில் இது பீனோபார்பிட்டோன் என்றும், கார்டினால் என்ற வணிகப் பெயராலும் அறியப்படுகின்றது.

மூளையில் காபா என்னும் நரம்பு வேதிப்பொருள் நரம்பணுக்களின் கிளர்ச்சியைக் குறைக்கின்றது. காபா இணையும் ஏற்பியோடு பீனோபார்பிட்டாலும் இணைந்து, அந்த ஏற்பியிலுள்ள குளோரைடு வாயில் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக்கின்றது. உறக்கமும் வலிப்புத் தடுப்பும் இதனால் உண்டாகின்றன. இச்செயற்பாட்டுக்கும் கல்லீரலில் நிகழும் தூண்டலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரண்டும் ஒரே மருந்தின் இரு வேறு விளைவுகள் ஆகும்.

உறக்க மருந்தாக இதன் பயன்பாடு இன்று பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் விலை மலிவானது என்பதாலும், நாளுக்கு ஒரு முறை உட்கொண்டால் போதும் என்பதாலும், வலிப்பு நோய்க்கான மருந்தாக வளரும் நாடுகளில் இது தொடர்ந்து பயன்பட்டு வருகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. கர்நாடகத்தின் எளந்தூர்ப் பகுதிச் சிற்றூர்களில் பீனோபார்பிட்டால், பீனைட்டாயின் ஆகிய மலிவான மருந்துகளைக் கொண்டே வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்பதைக் காட்டிய ஆய்வு 2001 இல் வெளியானது. இவ்விரு மருந்துகளும் கல்லீரல் நொதிகளைத் தூண்டக் கூடியவை என்பது இங்குக் கருதத்தக்கது.

கல்லீரலின் பணி

கொழுப்பில் கரையும் மருந்துகள் சிறுநீரகத்தால் எளிதில் வெளியேற்றப்படுவதில்லை. சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டாலும் அவை மீண்டும் குருதியினுள் உறிஞ்சப்பட்டு விடுகின்றன. அவற்றை நீரில் கரையும் பொருட்களாக மாற்றும் பணியைக் கல்லீரல் செய்கின்றது. முதற்கட்டத்தில் சைட்டோகுரோம் பி-450 நொதிகள் மருந்து மூலக்கூறில் ஓர் ஆக்சிசன் அணுவைச் சேர்க்கின்றன. இரண்டாம் கட்டத்தில் வேறு நொதிகள் அதனோடு குளுக்குரோனிக் அமிலம் முதலியவற்றை இணைக்கின்றன. அதன்பின் அப்பொருள் சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேறுகின்றது.

பி-450 நொதிகள் கல்லீரல் உயிரணுவின் உள்ளே மென்படலங்களால் ஆன அகப்பிளாச வலையில் பதிந்துள்ளன. ஒவ்வொரு பி-450 நொதியும் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, மரபணுவின் குறிப்புப்படி உருவாகும் புரதம். மற்றொன்று, இரும்பணுவை நடுவில் கொண்ட ஹீம் என்னும் நிறமி. குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினில் உள்ளதும் இதே ஹீம் ஆகும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் நொதி இயங்கும்.

கண்டுபிடிப்பின் வரலாறு

1950களின் பிற்பகுதியில் செருமனியில் ஹெர்பர்ட் ரெம்மரும், அமெரிக்காவில் ஆலன் கானி, ஜான் பர்ன்ஸ் ஆகியோரும் தனித்தனியாக இந்நிகழ்வைக் கண்டறிந்தனர். எலிகளுக்குச் சில நாட்கள் பீனோபார்பிட்டால் கொடுத்தபின், எக்சோபார்பிட்டால் என்னும் வேறோர் உறக்க மருந்தைக் கொடுத்தால் அவை வழக்கத்தை விட மிகக் குறைந்த நேரமே உறங்கின. எலிகளின் மூளை மருந்துக்குப் பழகிவிட்டது என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. அவற்றின் கல்லீரல் அம்மருந்தை விரைவாகச் சிதைக்கத் தொடங்கியிருந்தது.

1958 இல், கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் நிறமி ஒன்று கல்லீரல் மென்படலங்களில் இருப்பது அறியப்பட்டது. சப்பானைச் சேர்ந்த சுனியோ ஓமுராவும் ரியோ சாட்டோவும் 1962 இல் இதற்குச் சைட்டோகுரோம் பி-450 எனப் பெயரிட்டனர். பெயரிலுள்ள 450 என்னும் எண் அந்த அலைநீளத்தைக் குறிக்கின்றது. பீனோபார்பிட்டால் கொடுக்கப்பட்ட விலங்குகளில் இந்நிறமி மிகுவது பின்னர்த் தெளிவாயிற்று.

1963 இல் ரெம்மரும் மெர்க்கரும், மருந்து பெற்ற விலங்குகளின் கல்லீரல் உயிரணுக்களில் வழவழப்பான அகப்பிளாச வலை பெருகியிருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே காட்டினர். சுவீடனில் ஸ்டென் ஓரேனியஸ், லார்ஸ் எர்ன்ஸ்டர் ஆகியோர் நொதியின் மிகுதியும் மென்படலத்தின் பெருக்கமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை 1965 இல் விளக்கினர். ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின்-டி, புரதம் உருவாவதைத் தடுக்கும் பியூரோமைசின் ஆகியவற்றைக் கொடுத்தபோது தூண்டல் நிகழவில்லை. ஆகவே, ஏற்கனவே உள்ள நொதிகள் வேகமாக இயங்குவதால் இவ்விளைவு உண்டாவதில்லை என்பதும், புதிய நொதிகள் உருவாக்கப்படுகின்றன என்பதும் உறுதியாயின.

செயற்பாடு

உயிரணுவில் ஒரு புரதம் உருவாகும் முறை பின்வருமாறு:

1. உட்கருவில் உள்ள டி.என்.ஏ. யின் ஒரு பகுதியான மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகின்றது.
2. தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியேறி ரைபோசோமை அடைகின்றது.
3. ரைபோசோம் அதிலுள்ள குறிப்பைப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தை உருவாக்குகின்றது.

பீனோபார்பிட்டால் முதன்மையாக இவற்றுள் முதற்படியைத் தூண்டுகின்றது. எலியின் கல்லீரலில் சி.ஒய்.பி. 2பி1, சி.ஒய்.பி. 2பி2 என்னும் இரு பி-450 மரபணுக்கள் மிக வலுவாகத் தூண்டப்படுகின்றன. மருந்து பெறாத எலியில் இவற்றின் தூது ஆர்.என்.ஏ. மிகக் குறைவாகவே காணப்படும். மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் அது பல மடங்கு உயரும். மனிதரில் சி.ஒய்.பி. 2பி6, சி.ஒய்.பி. 3ஏ4, சி.ஒய்.பி. 2சி9 ஆகியவையும், இரண்டாம் கட்ட நொதிகளுள் யூ.ஜி.டி. 1ஏ1 என்பதும் தூண்டப்படுகின்றன. கல்லீரல் உருவாக்கும் எல்லாப் புரதங்களும் ஒரே அளவில் கூடுவதில்லை. தேர்ந்தெடுத்த சில மரபணுக்களே இவ்வாறு மிகுதியாக இயங்குகின்றன.

இந்த மருந்துக்கும் மரபணுவுக்கும் இடையே உள்ள இணைப்பு எது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறியப்படாமல் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மசஹிகோ நெகிஷியின் குழுவினர், மரபணுவின் முன்பகுதியில் 51 இணைகள் நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு இத்தூண்டலுக்குத் தேவை என்று கண்டனர். சி.ஏ.ஆர். என்னும் ஏற்பிப் புரதம் அத்துண்டோடு இணைகின்றது. மருந்து இல்லாதபோது இந்த ஏற்பி உட்கருவுக்கு வெளியே தங்கியிருக்கும். மருந்து வந்தபின் அது உட்கருவினுள் நுழைந்து மரபணுவை இயக்குகின்றது. சி.ஏ.ஆர். மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் இத்தூண்டல் நிகழாதது 2000 இல் காட்டப்பட்டது.

வியப்புக்குரிய செய்தி யாதெனில், பீனோபார்பிட்டால் சி.ஏ.ஆர். ஏற்பியோடு நேரடியாக இணைவதில்லை. உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியோடு அது இணைகின்றது என்பதை நெகிஷியின் குழு 2013 இல் வெளியிட்டது. வழக்கமாக இவ்வளர்ச்சி ஏற்பி அனுப்பும் குறிப்பு, சி.ஏ.ஆர். புரதத்தில் ஒரு பாசுபேட்டுக் குழு ஒட்டியிருக்கச் செய்து அதை உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கின்றது. பீனோபார்பிட்டால் அக்குறிப்பைத் தடுக்கும்போது பாசுபேட்டுக் குழு நீக்கப்பட்டு, சி.ஏ.ஆர். உட்கருவை அடைகின்றது.

இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள்

கோவிந்தராஜன் பத்மநாபன் 1938 இல் சென்னையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியலும், புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் மண் வேதியியலும் பயின்றார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1983 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 2003 இல் பத்ம பூசண் விருதும் இவருக்கு வழங்கப்பட்டன. 1994 முதல் 1998 வரை அக்கழகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

இவரது குழுவினர் எடுத்துக்கொண்ட கேள்வி பின்வருமாறு: பி-450 நொதிக்குப் புரதமும் ஹீமும் சம அளவில் தேவை. ஹீம் இல்லாத புரதம் பயனற்றது. தேவைக்கு மேற்பட்ட தனி ஹீம் உயிரணுவுக்குத் தீங்கு செய்யக் கூடியது. இவ்வாறிருக்க, மருந்து வந்தவுடன் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக உருவாவதை உயிரணு எவ்வாறு உறுதி செய்கின்றது?

இதனை அறிய, ஹீம் உருவாவதைத் தடுக்கும் கோபால்ட்டு குளோரைடு, அமினோடிரையசோல் முதலிய பொருட்களை எலிகளுக்குப் பீனோபார்பிட்டாலுடன் சேர்த்துக் கொடுத்தனர். ஹீம் குறைந்த எலிகளில் பி-450 புரதம் மட்டுமன்றி, அதற்குரிய தூது ஆர்.என்.ஏ. யும் குறைந்தது. மரபணு படியெடுக்கப்படும் வேகமே தாழ்ந்திருந்தது. வெளியிலிருந்து சிறிதளவு ஹீம் கொடுத்தபோது அது மீண்டும் உயர்ந்தது. கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த உட்கருக்களிலும் இவ்விளைவு காணப்பட்டது. இவற்றிலிருந்து, ஹீம் என்பது நொதியின் ஓர் உறுப்பு மட்டும் அன்று; அந்நொதிக்குரிய மரபணு இயங்குவதற்குத் துணை நிற்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பொருளும் ஆகும் என்னும் கருத்தை 1980களில் அவர்கள் முன்வைத்தனர்.

மரபணுவின் முன்பகுதியோடு இணையும் ஒரு புரதத்தின் செயல், பீனோபார்பிட்டாலாலும் ஹீமாலும் மாறுபடுவதை 1989 இல் இக்குழு வெளியிட்டது. இம்மரபணுக்களின் கட்டுப்பாடு குறித்த ஒரு முழுமையான மாதிரியை 1995 இல் முன்வைத்தது. சி.ஏ.ஆர். ஏற்பியின் பங்கு அப்போது அறியப்படவில்லை. பிற ஆய்வுக்கூடங்களில் வேறு விலங்குகளிலும் வளர்ப்பு உயிரணுக்களிலும் செய்யப்பட்ட சோதனைகளில், ஹீமின் பங்கு எல்லா மரபணுக்களுக்கும் ஒரே அளவில் காணப்படவில்லை. எனவே ஹீமைப் பொதுவான கட்டுப்பாட்டுப் பொருளாகக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

ஹீம் பற்றிய இவ்வாய்வுகள் இக்குழுவை மலேரியா ஒட்டுண்ணியை நோக்கி இட்டுச் சென்றன. குருதியில் மிகுந்த ஹீம் கிடைத்தாலும், மலேரியா ஒட்டுண்ணி தனக்குரிய ஹீமைத் தானே உருவாக்கிக் கொள்கின்றது என்பதை 1992 இல் அவர்கள் வெளியிட்டனர்.

மருத்துவ முக்கியத்துவம்

பிற மருந்துகளின் மீதான விளைவு

தூண்டப்பட்ட நொதிகள் பீனோபார்பிட்டாலை மட்டுமன்றி வேறு பல மருந்துகளையும் சிதைக்கின்றன. எடுத்துக்காட்டுகள்:

* குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் விரைவில் சிதைவதால், அதன் அளவைக் கூட்ட வேண்டியுள்ளது. பின்னர் பீனோபார்பிட்டாலை நிறுத்தினால் நொதிகள் சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பும். அப்போது வார்ஃபரின் அளவு குறைக்கப்படாவிட்டால் ஆபத்தான குருதிப்போக்கு ஏற்படலாம்.
* கருத்தடை மாத்திரைகளில் உள்ள இயக்குநீர்கள் விரைவில் சிதைவதால், மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளும் பெண்ணும் கருவுறக் கூடும்.
* உயிர்ச்சத்து டி சிதைவது கூடுவதால், பல ஆண்டுகள் இம்மருந்தை உட்கொள்வோரின் எலும்புகள் வலுவிழக்கலாம்.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் பி.எக்ஸ்.ஆர். என்னும் வேறோர் ஏற்பியின் வழியாக இவ்வாறான தூண்டலை உண்டாக்குகின்றது. காசநோயும் வலிப்பு நோயும் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில், ஒரே நோயாளி இத்தகைய இரு மருந்துகளை உட்கொள்ளும் நிலை ஏற்படலாம். எனவே ஒருவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவர் அறிந்திருப்பது இன்றியமையாதது ஆகும்.

கல்லீரல் சோதனை

பீனோபார்பிட்டால் உட்கொள்வோரின் குருதியில் காமா ஜி.டி. என்னும் நொதி உயர்ந்து காணப்படுவது வழக்கம். பிற சோதனைகள் சீராக இருக்கும்போது இது பெரும்பாலும் தூண்டலின் அடையாளமே ஆகும். கல்லீரல் பழுதுற்றதற்கான சான்று அன்று.

மஞ்சள் காமாலை

தூண்டலால் நன்மை விளையும் இடமும் உண்டு. கிரிக்ளர்-நச்சார் நோயின் இரண்டாம் வகையில், பித்த நிறமியான பிலிரூபினை வெளியேற்றும் யூ.ஜி.டி. 1ஏ1 நொதி மிகக் குறைவாக இருக்கும். பீனோபார்பிட்டால் அந்நொதியைக் கூட்டுவதால் நோயாளியின் மஞ்சள் நிறம் குறைகின்றது. முதலாம் வகையில் செயற்படும் நொதி அறவே இல்லாததால் அங்கு இம்மருந்து பயன் தருவதில்லை.

போர்பிரியா

ஹீம் உருவாகும் வழித்தடத்திலுள்ள ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதால் உண்டாகும் நோய்கள் போர்பிரியா எனப்படுகின்றன. இந்நோயுள்ள பலர் எந்த அறிகுறியும் இன்றி வாழ்கின்றனர். அவர்களுக்குப் பார்பிட்டுரேட்டு மருந்து கொடுக்கப்பட்டால், பி-450 நொதிகளுக்காகக் கல்லீரல் மிகுந்த ஹீமை உருவாக்க முற்படுகின்றது. வழித்தடத்தின் முதல் நொதி தூண்டப்படுகின்றது. ஆனால் குறைபாடுள்ள படியில் வேலை தடைப்படுவதால் இடைப்பொருட்கள் தேங்குகின்றன. கடும் வயிற்றுவலி, மனக்குழப்பம், வலிப்பு, கைகால் செயலிழப்பு ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

தென்னாப்பிரிக்காவில் 17 ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஒரு டச்சு இணையரின் வழித்தோன்றல்களிடையே இந்நோயின் ஒரு வகை பரவலாகக் காணப்படுகின்றது. பார்பிட்டுரேட்டு மருந்துகள் புழக்கத்திற்கு வந்த பின்னரே அக்குடும்பங்களில் இது பேராபத்தாக மாறியது. இத்தாக்குதலுக்கு இன்று சிரையின் வழியே ஹீம் செலுத்தப்படுகின்றது. அது முதல் நொதியின் உற்பத்தியைக் குறைத்து நோயைத் தணிக்கின்றது.

மீட்சி

தூண்டல் நிலையானது அன்று. மருந்து நின்றபின் மிகையான மென்படலங்களை உயிரணு தானே சூழ்ந்து செரித்துக் கொள்கின்றது. எலிகளில் இது சில நாட்களில் நிறைவுறுவதை 1973 இல் பொலெண்டரும் வைபலும் அளந்து காட்டினர். மனிதரில் பீனோபார்பிட்டால் மெதுவாகவே வெளியேறுவதால் (அரைவாழ்வு ஏறத்தாழ 2 முதல் 5 நாட்கள்) இதற்குச் சில வாரங்கள் ஆகின்றன. வலிப்பு நோயாளிகள் இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு ஏற்படக் கூடும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே அளவு குறைக்கப்படுகின்றது.

பிற அமைதியூட்டிகள்

எல்லா உறக்க மருந்துகளும் இத்தகைய தூண்டலை உண்டாக்குவதில்லை. பார்பிட்டுரேட்டுகளுக்கு மாற்றாக 1960களில் வந்த டையசிபாம் முதலிய பென்சோடையசிபைன்கள், வழக்கமான அளவில் கல்லீரல் நொதிகளைக் குறிப்பிடத்தக்க வகையில் தூண்டுவதில்லை. அவை பார்பிட்டுரேட்டுகளின் இடத்தைப் பிடித்ததற்கு, மிகை அளவால் உயிரிழப்பு நேரும் வாய்ப்புக் குறைவு என்பதோடு இதுவும் ஒரு காரணம் ஆகும்.